சிறுத்தையைக் கலைத்த ‘ஓம்’

அண்ணை,

வறுத்த பயறு மணக்கிறது. அதுவும் லவாலில் என்னுடைய பேஸ்மென்டில், மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், யன்னலைப் பாதி மூடிப் பனி கொட்டிக் கிடக்கும் ஒரு மத்தியானத்தில். பனி என்றால் சாதாரணப் பனி இல்லை. இமயமலைக்கே குளிர் தாங்காமல் எங்கள் தெருவில் வாடகைக்கு வந்து குந்திவிட்டது. அதைத் தனி ஒருவனாக அள்ளி ஒதுக்கிவிட்டு, முதுகு பதினாறு இடத்தில் முறிந்த நிலையில், மடியில் உங்களுடைய பையை வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

எந்தப் பை என்று கேட்கமாட்டீர்கள். உங்களுடைய பழைய ஜீன்ஸின் வலது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி, இரண்டு பக்கமும் உங்கள் மனிசி, எனக்கு அக்கா, மூட்டித் தைத்து, உள்ளே மூன்று கிலோ வறுத்த பயறு நிரப்பிய பை. ஆபிரிக்கா கண்ட பை. இப்போது அதில் மூன்று கிலோ இல்லை; ஏன் இல்லை என்பது உங்களுக்கும் எனக்கும் ஒரு குரங்குக்கும் தெரியும். தையல் விட்ட இடத்தில் மூக்கை வைத்தேன். நாலு வருசம் கழிந்தும் மணம் போகவில்லை. மணந்ததும் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், முறை அதுதான். எனக்கு வந்தது கோபம்.

செத்துப்போன மனிசனோடு கோபிப்பது எவ்வளவு கரைச்சல் என்று உங்களுக்குத் தெரியாது. திருப்பி ஒரு வார்த்தை பேசமாட்டீர்கள். தொலைபேசியை வைத்துவிட்டுப் போகவும் மாட்டீர்கள். ஆகவேதான் இந்த மடல். வழக்கு ஒரு சொல்லைப் பற்றியது. நாங்கள் ‘ஆம்’ என்பதற்குச் சொல்லும் ‘ஓம்’. அந்தச் சிறுத்தைக்கு முன்னால் வாய் திறந்து ‘ஓம்’ சொன்னது நீங்களா நானா என்பதுதான் வழக்கு. நாலு வருசமாக நீங்கள் என்றே நான் ஊருக்கெல்லாம் தீர்ப்பு வாசித்துத் திரிந்தேன்.

முதலிலிருந்து வருகிறேன்.

புவாண்ட்-கிளேர் வெயர்ஹவுசில் உங்களுக்கு வார நாளில் போர்க்லிஃப்ட், வார இறுதியில் கமரா. இந்த மொன்றியல் தீவில் நடந்த தமிழ்க் கலியாணங்களில் பாதியில் தாலி கட்டியது மாப்பிள்ளை, மிச்சப் பாதியில் நீங்கள் சொன்ன பிறகுதான் கட்டியது. “கொஞ்சம் பொறுங்கோ ஐயா, வெளிச்சம் சரியில்லை” என்று முகூர்த்தத்தையே நிறுத்தி வைத்த ஆள் நீங்கள். “சிரியுங்கோ. மாப்பிள்ளை, பல்லுத் தெரியோணும். தாய் தகப்பனும் சிரியுங்கோ, கடன் எல்லாம் நாளைக்கு யோசிக்கலாம்.” ஒரு சனிக்கிழமையில் மட்டும் நீங்கள் ‘சிரியுங்கோ’ என்று நாலாயிரம் தரம் சொன்னதை நான் விரல் விட்டு எண்ணியிருக்கிறேன். விரல்கள் தேய்ந்துவிட்டன.

அப்படி ஒரு கலியாணத்தில் லைட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் உங்கள் பக்கத்தில் நின்றபோதுதான் சொன்னீர்கள்: “மனிசர் கமராவைக் கண்டால் முகத்தை மாத்திப்போடுகினம் தம்பி. இருபது வருசமா எனக்குக் கிடைச்சதெல்லாம் மாத்தின முகம். என்னை மதிக்காத முகம் ஒண்டு எடுக்கோணும்.”

“என்ரை மனிசியை எடுங்கோ அண்ணை, ஒருத்தரையும் மதிக்கிறேல்லை.”

“சிறுத்தை,” என்றீர்கள். பகிடிக்குச் சிரிக்கக்கூட இல்லை. “சிறுத்தை எனக்காகச் சிரிக்காது.”

அப்படித்தான் தொடங்கியது. பொட்ஸ்வானாவில் ஒரு வாரம், வழிகாட்டியோடு காட்டுக்குள் போய்ப் படம் எடுக்கும் பயணம். ஏழு பக்க விளம்பரத்தாளைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து வைத்து, அதில் இருந்த யானையின் காதில் மீன்குழம்பு ஊறிப்போனது. நானும் வருகிறேன் என்று ஒரு வீராவேசத்தில் சொல்லிவிட்டேன். என்னிடம் அப்போது இருந்த கமரா, குளிர்காலத்தில் கையுறை போட்டால் எங்கே என்று தேடவேண்டிய அளவு. வீட்டுக்கு வந்து எனக்குப் பயணத்தின் சட்டதிட்டங்களையும் படித்தீர்கள்: “ஆரும் கேட்டால் சிறுத்தை பாக்கப் போறம் எண்டு முழுசாச் சொல்லு. டெலிபோனிலை சுருக்கமாப் ‘புலி’ எண்டு சொல்லிப்போடாதை. இரண்டு பேரும் போன இடத்திலேயே இருக்கவேண்டி வந்திடும்.”

பிறகு இந்தப் பை. வாகனத்தின் கம்பியில் பெரிய லென்ஸ் ஆடாமல் இருக்க, தானியம் நிரப்பிய பை ஒன்றை அடியில் வைப்பார்களாம். வெறும் பையாகக் கொண்டுபோய் அங்கே அரிசியோ அவரையோ வாங்கி நிரப்புவதுதான் உலக வழக்கம். நீங்கள் உலக வழக்கத்தை எப்போது மதித்தீர்கள்? “அங்கை போய் ஆரிட்டைக் கேக்கிறது? பயறு கொண்டுபோவம். பச்சையாக் கொண்டுபோனால் விதை எண்டு சொல்லிப் பிடிப்பான். வறுத்தால் முளைக்காது. முளைக்காட்டில் அது விதை இல்லை.” இந்தத் தர்க்கத்தைக் கேட்டு அக்கா அன்றைக்கே மூன்று கிலோவையும் வறுத்தார். ஜொகன்னஸ்பேர்க் விமான நிலையத்தில் ஓர் அதிகாரி பையை அமுக்கினார், மணந்தார், என்ன இது என்றார். நீங்கள் நெஞ்சை நிமிர்த்தி, ‘காலுறை மாதிரி ஒரு தலையணை’ என்று ஆங்கிலத்தில் சொன்னீர்கள். மனிதர் எங்களை மனநலம் குன்றியவர்கள் என்று எண்ணி இரக்கத்தோடு விட்டுவிட்டார்.

அந்த வாரத்தை மற்றவர்களுக்கு நான் எவ்வளவு பொன்னெழுத்தில் சொல்லியிருந்தாலும், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அது ஒரு தரித்திரம் பிடித்த வாரம். மொன்றியலில் இரண்டே மாதம் கிடைக்கிற கோடையை விட்டுவிட்டு ஆபிரிக்காவுக்குப் போனால் அங்கே ஆடி மாதம் குளிர்காலம். காலை ஐந்து மணிக்குக் கூரை மட்டும் உள்ள வாகனத்தில், மடியில் சுடுதண்ணிப் போத்தலை அணைத்துக்கொண்டு, பற்கள் மத்தளம் கொட்டப் போனோம். பத்து மணிக்கு வெயிலில் பொரிந்தோம். பாதை என்று சொல்லப்பட்ட குழிகளில் வாகனம் குதித்த குதிப்பில் என் ஈரல் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போய், ஊர் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. நான் எடுத்த படங்கள் இரண்டாயிரத்து நானூறு. அவற்றில் இரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு, மிருகங்களின் பின்பக்கம். ஆபிரிக்கக் கண்டத்தின் பின்பக்கத்தை என்னளவுக்கு ஆராய்ந்த தமிழன் இனிப் பிறந்துதான் வரவேண்டும்.

எங்கள் வாகனத்தில் நாங்கள் இரண்டு பேரும் வழிகாட்டியும் மட்டும். வழிகாட்டியின் பெயர் ம்போ. அவருடைய மொழியில் அது ‘பரிசு’ என்று பொருளாம். நீங்கள் என் காதில், “பேரே ‘போ’ எண்டால் இவன் எங்கை தம்பி நிப்பான்?” என்றீர்கள். ஆனால் ம்போ நின்றார். ஒரு காட்டெருமையின் கண்ணில் வெளிச்சம் விழுவதற்காக அரை மணித்தியாலம் இயந்திரத்தை அணைத்துவிட்டு நிற்கக்கூடிய மனிதர். “கண் இல்லாவிட்டால் படம் இல்லை” என்பது அவருடைய வேதம். நீங்கள் இரண்டாம் நாளே அவருக்குச் சீடராகிவிட்டீர்கள். எனக்குத்தான் யானையின் வாலிலிருந்து கண் வரைக்கும் காத்திருக்கப் பொறுமை இல்லை.

முதலாவது ‘ஓம்’ வெடித்தது முதல் நாளிலேயே. இதை நான் எந்த விருந்திலும் சொன்னதில்லை என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன். யானைக் கூட்டம் ஒன்று ஆற்றைக் கடக்கிறது. ம்போ திரும்பிப் பார்த்து, நல்லாயிருக்கிறதா என்று கேட்கிறார். நான் வாய் பிளந்தபடி, “ஓம், ஓம், ஓம்!” என்றேன். மூன்று தரம். ம்போ முகம் வாடி, வாகனத்தைத் திருப்பி, நேரே கூடாரத்துக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். ‘ஹோம், ஹோம், ஹோம்’ என்று நான் அழுததாக அவருக்குக் கேட்டிருக்கிறது. வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக் உப்புச் சீனித் தண்ணீர் வேறு கலக்கித் தந்தார்.

நீங்கள் சிரிக்கவில்லை. உங்களுக்கு இது பழைய காயம். கனடா வந்த முதல் மாதம், வெயர்ஹவுசில் மீசைக்கார மேற்பார்வையாளர் “ஓவர்டைம்?” என்று கேட்க, நீங்கள் சந்தோசமாக “ஓம்” என்றீர்கள். பிரெஞ்சுக்காரர் வாயில் ‘ஹ’ நிற்காது. ‘ஹோம்’ அவர்களிடம் ‘ஓம்’ ஆகத்தான் வரும். உங்களுக்கு வீட்டுக்குப் போக ஆசை என்று நினைத்து அந்தாள் உங்கள் இடத்துக்கு வேறொருவரை விட்டுவிட்டார். பனிக்குள் இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வேற்று ஆட்களோடு அந்தச் சொல்லை நீங்கள் வாயில் எடுத்ததே இல்லை. ‘யெஸ்’ அல்லது பிரெஞ்சில் ‘வி’. ஆளைப் பார்த்து.

“இனி வாகனத்துக்குள்ளை ஒருத்தரும் ஓம் சொல்லப்படாது,” என்று அன்றைக்குச் சட்டம் போட்டீர்கள். “உன்ரை வாய் சும்மா இராது. இந்தா.” பையின் தையலைக் கொஞ்சம் பிரித்து, ஒரு கைப்பிடி பயறு எடுத்து என் கையில் வைத்தீர்கள். “மிருகம் நிக்கேக்கை இதைப் போட்டு மெண்டுகொண்டு இரு. வாய்க்கும் வேலை, எனக்கும் நிம்மதி.”

நீங்கள் பிரித்த அந்தத் தையலின் மணத்துக்குத்தான் மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டு நேரம் குரங்கு வந்தது. சாம்பல் நிறம், கறுத்த முகம், எங்கள் முன்னாள் வீட்டுக்காரரின் அதே பார்வை. மேசையில் இருந்த முட்டையையும் பாணையும் திரும்பியும் பார்க்காமல் பையைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. நீங்கள் கீழே நின்று செருப்பைக் காட்டி, “கொண்டா! அது என்ரை லென்ஸ் வைக்கிறது!” என்று யாழ்ப்பாணத்துத் தமிழில் குரங்கோடு வழக்காடினீர்கள். ஒரு கிலோவைத் தின்றுவிட்டு, மிச்சத்தை உங்கள் தலையில் போட்டது. அந்த அற்புதக் காட்சியைப் படம் எடுக்க நான் என் கமராவைத் தூக்கினேன். குரங்கு திரும்பிவிட்டது. பின்பக்கம்தான் விழுந்தது.

ஆறு நாள். சிறுத்தை இல்லை. காலடி கண்டோம், மரத்தில் நகக்கீறல் கண்டோம், மற்ற வாகனத்தார் நேற்று கண்டதாகக் கேட்டோம். நீங்கள் இரவுச் சாப்பாட்டில் பேசுவதைக் குறைத்துவிட்டீர்கள். கமராவை மடியில் வைத்து, லென்ஸைத் துடைத்த இடத்தையே துடைத்தீர்கள். எனக்கு விளங்கியது. உங்களுக்கு அப்போதே ஐம்பத்தெட்டு வயது. இன்னொரு தரம் வருவதாக இருந்தால் கனவில்தான் வரவேண்டும்.

கடைசிப் பின்னேரம். சுரைக்காய் அளவில் பழங்கள் தொங்கும் ஒரு பெரிய மரத்தடியில் ம்போ வாகனத்தை நிறுத்தி, விரலால் மேலே காட்டினார். கிளையில் இருந்து ஒரு வால் தொங்கியது. வாலுக்கு மேலே புள்ளி புள்ளியாக ஒரு முதுகு. முகம் மறுபக்கம். உங்களுக்குப் பின் இருக்கையில் நான். பையைக் கம்பியில் வைத்தீர்கள், லென்ஸை அதன்மேல் படுக்க வைத்தீர்கள். ஒரு கையைப் பின்னால் நீட்டி எனக்குப் பயறு தந்தீர்கள். நான் வாய் நிறையப் போட்டுக்கொண்டேன்.

நாற்பது நிமிசம். சூரியன் ஒரு பக்கத்தால் இறங்குகிறது, வால் மட்டும் ஆடுகிறது. அக்காவுக்குக் காட்டவென்று கொண்டுவந்த சின்ன வீடியோக் கமராவில் அந்த வாலைக் கொஞ்சம் பிடித்தீர்கள். இருட்டுவதற்குள் அந்தக் காட்டை விட்டு வாகனங்கள் வெளியேறிவிட வேண்டும் என்பது அங்கத்தைய விதி. ம்போ மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பாமல், மூச்சுக் காற்றைப் போல மெதுவாகக் கேட்டார்: “ஸ்டே?”

யாரோ, “ஓம்,” என்றார்கள்.

“ஹோம். ஓகே,” என்றார் ம்போ. திறப்பைத் திருப்பினார்.

இயந்திரம் இருமியது. அந்தச் சத்தத்துக்குச் சிறுத்தை முகத்தைத் திருப்பியது. முழு முகத்தையும், பொன் கரைத்த அந்த வெளிச்சத்துக்குள். வாகனம் ஒரு குலுக்குக் குலுக்க, பை சரிந்தது, லென்ஸ் வானத்தைப் பார்த்தது. அடுத்த கணம் கிளை வெறுமையாக இருந்தது. உங்கள் கமராவில் விழுந்தது ஒரு பழமும் அரைவாசி வாலும்.

ம்போ உண்மை தெரிந்ததும் தலையில் கை வைத்தார். வெளியேறும் நேரம் வரைக்கும் தேடினார். நீங்கள் திரும்பி என்னைக் கேட்டீர்கள்: “ஆரடா ஓம் எண்டது?”

“நீங்கள்தான் அண்ணை!”

அவ்வளவு கெதியாகச் சொன்னேன். நாக்கு என்னிடம் அனுமதி கேட்கவில்லை.

“நானோ?”

“பின்னை? காதாலை கேட்டனே. நீங்கள்தான்.”

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தீர்கள். “இருக்கலாம்,” என்றீர்கள். பிறகு சரிந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

மொன்றியலுக்கு வந்து இரண்டு கிழமைக்குள் நான் அந்தக் கதையை முதலாம் தரம் சொன்னேன். பியர்பொன்ட்ஸில், உங்கள் வீட்டிலேயே, பிறந்தநாள் ஒன்றுக்கு வந்த முப்பது பேர் முன்னால். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. சிறுத்தை ஏழடியிலிருந்து பதினான்கு அடி ஆனது. குரங்கு மூன்று பேரானது. வாய் நிறையப் பயறு போட்டு மென்றதும் நீங்கள் ஆகிவிட்டீர்கள். கதைக்கு அதுதான் வடிவாக இருந்தது. மேற்பார்வையாளர் கதையை முன்னால் வைத்து, காட்டுக் கதையைப் பின்னால் வைத்து, கடைசியில் நான் உங்கள் குரலில், கண்ணை மூடி, கன்னத்தை உப்பி, “ஓம்!” என்று சொல்வேன். கூரை பறக்கும்.

யாராவது கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்பார்கள்: “உண்மையோ அண்ணை? நீங்களோ சொன்னனீங்கள்?”

நீங்கள் கமராவுக்குப் பின்னால் இருந்து, “ஓம்,” என்பீர்கள்.

அதற்கு இன்னொரு தரம் கூரை பறக்கும். எத்தனை விருந்து, எத்தனை பிறந்தநாள், எத்தனை சாமத்தியச் சடங்கு! ஒவ்வொரு முறையும் நான் அந்த இடத்துக்கு வரும்போது கழுத்தில் தொங்கும் கமராவைத் தூக்குவீர்கள், உங்கள் முகம் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். வெட்கம் என்று நினைத்தேன். பாவம், மனிசன் முகத்தை ஒளிக்கிறார் என்று நினைத்து, பெருந்தன்மையோடு, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசிக் கிழமையும் சொன்னேன். ஒரு தாதி உங்கள் தலையணையைச் சரிசெய்ய வந்தார். “உந்தப் பிள்ளைக்குச் சொல்லடா,” என்று கண்ணால் காட்டினீர்கள். என்னிடம் இருந்த முப்பத்தேழு பிரெஞ்சுச் சொற்களையும் செலவழித்துச் சொன்னேன். பிரெஞ்சில் அந்தக் கதைக்கு விளக்கமே தேவைப்படவில்லை, ‘ஓம்’ என்றதும் அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அப்போது உங்கள் கை போர்வையிலிருந்து எழும்பி, கழுத்தடியைத் தடவியது. தண்ணீர் வேணும் போல என்று நினைத்து நான் கோப்பையை நீட்டினேன். நீங்கள் குடித்தீர்கள். குடித்தும் விட்டீர்கள், அண்ணை, ஒரு சொல் சொல்லாமல்!

உங்களுடைய முப்பத்தோராம் நாள் சடங்குச் சாப்பாட்டில் எல்லாரும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். அக்காதான், “தம்பி, அந்தச் சிறுத்தைக் கதையைச் சொல்லுமன்,” என்றார். மாலை போட்ட உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, உங்கள் குரலில், கன்னத்தை உப்பி, “ஓம்” சொன்னேன். எல்லாரும் அழுதழுது சிரித்தார்கள். போகும்போது அக்கா ஒரு அட்டைப்பெட்டியைத் தந்தார். “இது தம்பிக்கு எண்டு சொன்னவர்.”

பெட்டிக்குள் மூன்று சாமான். இந்தப் பை. அக்காவுக்குக் காட்டவென்று காட்டில் சின்னச் சின்ன அசையும் படம் பிடித்தீர்களே, அந்தச் சின்னக் கமரா. பிறகு ஒரு தடித்த கடித உறை. மேலே உங்கள் கையெழுத்தில், ‘சிறுத்தை’.

முதலில் கமராவைத்தான் மின்சாரத்தில் போட்டேன். கடைசிப் படம் இரண்டு நிமிசம். தொடக்கத்தில் வால் தொங்குகிறது. உங்கள் குரல் கிசுகிசுக்கிறது: “இஞ்சாருமப்பா, இது வால். முகம் பேந்து வரும்.” பிறகு கமராவை அணைக்க மறந்து, இருக்கையில் வைத்துவிட்டீர்கள். வாகனக் கூரையின் பச்சைத் துணி மட்டும் தெரிகிறது. ஒரு குருவி கத்துகிறது. அதற்கும் மேலாக ஒரு சத்தம்: கறுக், முறுக், கறுக், முறுக். பயறு. ஒரு மாடு வைக்கோல் தின்றாலும் அதைவிட நாகரிகமாகத் தின்னும். ம்போ கேட்கிறார், “ஸ்டே?” கறுக் நிற்கிறது. வாய் நிறையப் பயறோடு ஒரு குரல், தெளிவாக, மங்களகரமாக, “ஓம்.”

என்னுடைய குரல், அண்ணை. அறுபது தரம் போட்டுக் கேட்டேன். தலைகீழாகப் பிடித்துக் கேட்டேன். என்னுடையதுதான். கேட்கத் தேவையும் இருந்திருக்கக் கூடாது. பனிக்குள் இரண்டு பஸ் மாறி வந்த மனிசன் அந்தச் சொல்லை ம்போவிடம் சொல்லியிருப்பாரா? அந்த வாகனத்திலேயே என் மூளையின் ஒரு மூலைக்கு அது தெரிந்திருக்கிறது. அந்த மூலைக்கு முன்னால் நான் ஒரு பெரிய அலுமாரியை இழுத்து விட்டிருந்தேன், அவ்வளவுதான்.

உடனே அக்காவுக்குத் தொலைபேசி அடித்தேன். “அக்கா, அது நான்! அண்ணை இல்லை!”

“தெரியும் தம்பி. வந்த கிழமையே எனக்குப் போட்டுக் காட்டினவர்.”

“பின்னை ஏன் எனக்குச் சொல்லேல்லை? நாலு வருசம்! மனிசனை நான் சபையிலை வைச்சு…”

“நானும் கேட்டனான். ‘உமக்கு விளங்காதப்பா, அவன் கதை சொல்லட்டும்’ எண்டவர். அந்த உறையைத் திறந்து பாத்தனீரோ?”

திறந்தேன். அரை வால் இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தேன். ஒரு வால்கூட இல்லை. பியர்பொன்ட்ஸ் முகங்கள், லவால் முகங்கள், கலியாண மண்டப முகங்கள். வாயில் வடையோடு ஒருவர். கதிரையிலிருந்து சரியும் ஒருவர். என் மனிசி, இருபது வருசத்தில் எந்தப் படத்திலும் பல் காட்டாதவள், தலையைப் பின்னால் எறிந்து, கடைவாய்ப் பல் தெரிய. அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு. எல்லாரும் ஒரே கணத்தில், நான் கன்னத்தை உப்பிய அந்தக் கணத்தில். ஒருவர்கூடக் கமராவைப் பார்க்கவில்லை. உங்களை மதித்த முகம் ஒன்றும் அந்த உறைக்குள் இல்லை.

எனக்கு எவ்வளவு கோபம் என்று இப்போதாவது விளங்குகிறதா? என்னைக் கொண்டு வேட்டையாடியிருக்கிறீர்கள். நான் சிங்கம் மாதிரிச் சபையில் கர்ச்சிப்பதாக நினைத்திருக்கிறேன். நீங்கள் என்னை லென்ஸ் வைக்கிற பயற்றம் பையாகப் பாவித்திருக்கிறீர்கள். மன்னிப்புக் கேட்க வந்தால், கேட்க இடம் வைக்காமல், கணக்கு எல்லாம் தீர்ந்தது போலப் போய்விட்டீர்கள். ஒரு தரம், ஒரே ஒரு தரம், “எடேய், உன்ரை வாய்தான்டா” என்று என் மண்டையில் குட்டியிருக்கக் கூடாதா?

சரி, சபையில் செய்த பிழையைச் சபையில் திருத்துவோம் என்று போன ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தேன். மருமகளின் பிள்ளைக்குப் பிறந்தநாள், பியர்பொன்ட்ஸ். சாப்பாடு முடிந்து ஒருவர் கேட்டார், “மாமா, அந்தக் கதை?” நான் எழும்பினேன். கதையைச் சொன்னேன். கடைசி இடத்தில் கன்னத்தை உப்பவில்லை. கையைக் கட்டி, தலையைக் குனிந்து, “இவ்வளவு காலமும் பொய் சொன்னனான். பயறு மெண்டது நான். ஓம் எண்டதும் நான்தான்,” என்றேன்.

“மாமா, சே பா வ்ரே!” என்று மருமகள் கத்தினாள். உண்மையில்லையாம். “மாமா இண்டைக்குப் புழுகின புழுகு எல்லாத்துக்கும் மேலை!” என்றார் ஒருவர். “அண்ணையிலை இருந்த பாசத்திலை பழியைத் தான் ஏற்கிறார், பாவம்,” என்றார் இன்னொருவர், அதுவும் சிரித்துக்கொண்டே. நான் சின்னக் கமராவை எடுத்துப் போட்டுக் காட்டினேன். கறுக் முறுக் கேட்டதுமே, “உது அண்ணை பயறு தின்னுற சத்தம் எல்லோ!” என்று கைதட்டினார்கள். என் வாழ்நாளில் ஒரு தரம் அப்பட்டமான உண்மை சொன்னேன், அண்ணை. உள்ளூரில் அதற்கு மதிப்பே இல்லை.

“நான்தான்! நான்தான் சொன்னனான்!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். கத்தக் கத்த வீடு இடிந்து விழுவது போலச் சிரித்தார்கள். கதிரையில் இருந்து இரண்டு பேர் உண்மையாகவே சரிந்தார்கள். என் மனிசி தலையைப் பின்னால் எறிந்தாள், கடைவாய்ப் பல் தெரிந்தது. அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த அறை முழுவதிலும் ஒரு முகம்கூட ‘மாத்தின முகம்’ இல்லை.

என்னை அறியாமல் என் கை எழும்பிக் கழுத்தடிக்குப் போனது. அங்கே கமரா ஒன்றும் தொங்கவில்லை.